கடிதம் குறைந்தாலும் நடை குறையாது

சென்ற ஆண்டு என் தங்கை கல்யாணத்துக்கு அழைப்பிதழ் அடித்தோம். சிங்கப்பூர் தேக்காவில் ஒரு கடையில் மாதிரிகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, கடைசியில் அம்மா தேர்ந்தெடுத்தது ஒரு கெட்டி அட்டை. முகப்பில் பளபளக்கும் தகட்டில் பிள்ளையார், கீழே பட்டுக்கயிறு, அதன் நுனியில் ஒரு மணி. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, முகவரி எழுதி, ஸ்டாம்பு ஒட்டி, எங்கள் அடுக்குமாடி புளோக்குக்கு எதிரே இருக்கும் வெள்ளைத் தபால்பெட்டியில் போட்டுவிட்டு வந்தார். எட்டு நாள் கழித்து அவ்வளவும் கட்டாக எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தன. கட்டணம் போதவில்லையாம். தப்பு எங்கள் மேல்தான். பிள்ளையாரும் மணியும் சேர்ந்து அட்டையைப் பருமனாக்கிவிட்டார்கள், நாங்கள் சாதாரணக் கடிதத்துக்கான ஸ்டாம்பு மட்டும் ஒட்டியிருந்தோம்.

திரும்பிவந்த கட்டை மேசைமேல் வைத்துக்கொண்டு அம்மா ஒரு கேள்வி கேட்டார். "ஏன்டா, ஸ்டாம்பு விலை ஏறிக்கிட்டே போவுது. ஆனா பெட்டியில கடிதமே காணோம், தபால் ஆபீசும் ஒண்ணு ஒண்ணா மூடுறாங்க. காசு ஏறினா சேவையும் ஏறணும்தானே?"

நியாயமான கேள்வி. காப்பிக்கடையில் காப்பி விலை ஏறினால் கோப்பையின் அளவு குறைவதை நாம் சும்மா விடுவதில்லை. தபாலில் மட்டும் ஏன் விலை மேலேயும் சேவை கீழேயும் போகின்றன? அம்மாவுக்குச் சொன்ன விளக்கத்தைக் கொஞ்சம் விரித்து எழுதியதுதான் இது. தபால்துறை பற்றி எதுவுமே தெரியாதவர்களுக்கும் புரியவேண்டும் என்பது என் ஆசை.

முதலில் விலை. சிங்கப்பூருக்குள் ஒரு சாதாரணக் கடிதம் அனுப்ப ஒரு காலத்தில் 26 காசு (சென்ட்). 2014 அக்டோபரில் அது 30 காசானது. அதாவது நான்கு காசுதான் ஏற்றம். அப்புறம் எட்டு ஆண்டு அசையவே இல்லை. 2023 தொடக்கத்தில் பொருள் சேவை வரி உயர்ந்தபோது 31 காசு. அதே ஆண்டு அக்டோபர் 9ஆம் தேதி ஒரே தாவலில் 51 காசு. வரி 9 விழுக்காடானதும் அது 52 ஆயிற்று. 31இலிருந்து 51 என்றால் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஏற்றம். வேறு எந்தப் பொருளும் ஒரே இரவில் அப்படி ஏறினால் ஊரே பேசும். தபாலுக்கு அவ்வளவு பேச்சு எழவில்லை. ஆண்டுக்கு எத்தனை ஸ்டாம்பு வாங்குகிறோம் என்று எண்ணிப் பார்த்தால் காரணம் தெரியும்.

அந்தத் தேதியில் ஒரு வேடிக்கையும் உண்டு. அக்டோபர் 9 உலக அஞ்சல் நாள். 1874இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் உலக அஞ்சல் ஒன்றியத்துக்கு வித்திட்ட ஒப்பந்தம் கையெழுத்தான நாள். வாழ்த்துச் சொல்லவேண்டிய நாளில் நமக்கு விலையேற்றம் வந்தது.

சரி, ஒரு கடிதத்துக்குக் காசு கொடுக்கும்போது நாம் உண்மையில் எதற்குக் கொடுக்கிறோம்? ஈசூனிலிருந்து பிடோக் வரை அந்த உறை பயணம் செய்வதற்கு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பயணச்செலவு மிகச் சொற்பம். லாரியில் ஆயிரக்கணக்கான உறைகள் ஒன்றாகப் போகும்போது, ஓர் உறையின் பங்குக்கு எண்ணெய்ச் செலவு எண்ணத்தக்கதே அல்ல.

இதை முதலில் கணக்குப் போட்டுக் காட்டியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ரோலண்ட் ஹில். 1830களில் அங்கே தூரத்துக்கு ஏற்பக் கட்டணம், தாளின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கட்டணம். அதைவிட முக்கியமாக, பெரும்பாலும் கடிதத்தைப் பெறுகிறவர்தான் காசு கட்டவேண்டும். வாசலில் வந்து நிற்கும் தபால்காரர் கடிதத்தை நீட்டி, காசை வாங்கி, சில்லறை கொடுத்து, சிலர் வாங்க மறுத்தால் திரும்ப எடுத்துக்கொண்டு போவார். லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒரு கடிதத்தைக் கொண்டுபோக உண்மையில் ஆகும் செலவு ஒரு பென்னியில் 36இல் ஒரு பங்குதான் என்று ஹில் கண்டார். செலவெல்லாம் கடிதத்தைக் கையாளுவதிலும் காசு வசூலிப்பதிலும் இருந்தது. ஆகவே தூரம் எதுவானாலும் ஒரே விலை, அனுப்புகிறவரே முன்கூட்டிக் கட்டிவிடவேண்டும், கட்டியதற்கு அடையாளமாக ஒரு துண்டுத்தாள் ஒட்டவேண்டும் என்றார். 1840 மே மாதம் அந்தத் துண்டுத்தாள் 'பென்னி பிளாக்' என்ற பெயரில் வந்தது. உலகத்தின் முதல் ஒட்டும் ஸ்டாம்பு அதுதான்.

நம் ஊருக்கும் அந்த வழக்கம் இந்தியா வழியாக வந்தது. சிங்கப்பூர் கல்கத்தாவின் கீழ் இருந்த காலத்தில் இங்கே ஒட்டியது இந்திய ஸ்டாம்புகள். 1867இல் சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய நீரிணைக் குடியேற்றங்கள் நேரடியாக லண்டனின் கீழ் போனபோதும், முதலில் வந்தவை அதே இந்திய ஸ்டாம்புகள்தான், மேலே ஒரு கிரீடமும் 'காசு' விலையும் அச்சடித்து. அணா ஸ்டாம்பின் மேல் காசு போட்ட அந்த ஸ்டாம்புகளுக்கு இன்று சேகரிப்பாளர்களிடம் நல்ல மவுசு.

ஹில் செய்த ஏற்பாட்டில் ஒரு விஷயத்தைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். காசு கட்டுகிறவர் ஒருவர், சேவையை அனுபவிக்கிறவர் வேறொருவர்.

இப்போது எங்கள் புளோக்குக்கு வருவோம்.

கீழ்த்தளத்தில், மின்தூக்கிக்குப் பக்கத்துச் சுவரில், வரிசை வரிசையாகக் கடிதப்பெட்டிகள். நாம் நம் சாவியால் நம் சின்னக் கதவை மட்டும் திறக்கிறோம். தபால்காரரிடம் இருப்பது வேறு சாவி. அதைப் போட்டுத் திருகினால் ஒரு வரிசைப் பெட்டிகளின் முகப்பு மொத்தமும் ஒரே கதவாகத் திறந்துகொள்ளும், அலமாரி திறப்பதுபோல. உள்ளே ஒவ்வொரு வீட்டின் குழியும் அடுத்தடுத்துத் தெரியும். இடது முன்கையில் உறைகளை அடுக்கி வைத்துக்கொண்டு, வலது கைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தள்ளி, எண்ணைக்கூடப் பார்க்காதவர்போல் போட்டுக்கொண்டே போவார். உறைகள் ஏற்கெனவே வீட்டு எண் வரிசையில் அடுக்கப்பட்டிருக்கும். முகப்பை மூடி, பூட்டி, அடுத்த பலகை. ஒருமுறை நான் நின்று பார்த்தேன். முதல் பூட்டிலிருந்து கடைசிப் பூட்டு வரை ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் அந்த ஐந்து நிமிடத்துக்காக அவர் வெயிலில் வண்டியை நிறுத்தி, மேடேறி, புளோக்கைச் சுற்றி வந்திருந்தார்.

ஒரு கணக்குப் போடலாம். எண்கள் என் கற்பனை, கணக்கு மட்டும் நிஜம். 120 வீடுள்ள புளோக். இந்தப் புளோக்குக்குத் தபால்காரர் ஒருமுறை வந்துபோக, அவர் சம்பளம், வண்டி, முன்னிரவு பிரித்து அடுக்கிய வேலை எல்லாம் சேர்த்து 24 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஆகிறது என்று வையுங்கள். ஒரு காலத்தில் நாளுக்கு 120 கடிதம் வந்தது, வீட்டுக்கு ஒன்று. 24 வெள்ளியை 120ஆல் வகுத்தால் ஒரு கடிதத்துக்கு 20 காசு. கடிதம் 60 ஆகக் குறைந்தது. தபால்காரர் பாதித் தூரம் நடந்தால் போதுமா? போதாது. அதே வெயில், அதே மேடு, அதே பூட்டு. ஒரு கடிதத்துக்கு 40 காசு. நாளுக்கு 40 கடிதம் என்றால் 60 காசு.

அம்மாவின் கேள்வியில் பாதிக்கு விடை இதோடு முடிந்தது. கடிதம் குறைந்தாலும் நடை குறையாது. நடையின் செலவைப் பங்குபோட ஆள்தான் குறைகிறார்கள். பத்துப் பேர் ஏறிய வேனில் மூன்று பேர் மட்டும் ஏறினால், வேன் வாடகை குறையாது, தலைக்குக் கொடுக்கவேண்டியதுதான் கூடும்.

மறுபாதிக்கும் இதே கணக்கே விடை சொல்லும். நாளுக்கு 40 கடிதம்தான் என்ற நிலையில், தபால்காரர் தினமும் வராமல் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தால் என்ன ஆகும்? இரண்டு நாள் கடிதம் சேர்ந்து 80 ஆகிவிடும். ஒரே நடை, 24 வெள்ளி. ஒரு கடிதத்துக்கு 30 காசு. அதாவது விலையை ஏற்றாமல் சமாளிக்கவேண்டுமென்றால் நடையைக் குறைக்கவேண்டும். நடையைக் குறைக்காவிட்டால் விலையை ஏற்றவேண்டும். கடிதம் வெகுவாகக் குறைந்துவிட்டால் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்யவேண்டியிருக்கும். விலையேற்றமும் சேவைக்குறைவும் ஒரே கணக்கின் இரண்டு வரிகள். இது எனக்குப் புரிந்தபோது தபால் நிறுவனங்கள் மேல் இருந்த கோபம் கொஞ்சம் தணிந்தது. முழுதும் தணிந்தது என்று சொல்லமாட்டேன்.

ஆனால் கடிதம் ஏன் குறைந்தது? "நாமதான் வாட்ஸ்அப்புக்குப் போயிட்டோமே" என்று எல்லாரும் சொல்கிறார்கள். அது பாதி உண்மைகூட இல்லை. பெட்டியில் வந்து விழுந்த உறைகளை நினைத்துப் பாருங்கள். மாமா எழுதிய கடிதங்களா அவை? வங்கிக் கணக்கறிக்கை, தொலைபேசி பில், காப்புறுதி, மருத்துவமனை முன்பதிவு, நகர மன்றம், வருமான வரி. கடிதங்களில் மிகப் பெரும்பகுதி நிறுவனங்களும் அரசாங்க அமைப்புகளும் மொத்தமாக அனுப்பியவைதான். கையெழுத்துக் கடிதம் குறைய ஆரம்பித்தது தொலைபேசி மலிவானபோதே. தபால்பையை உண்மையில் காலி செய்தது மின்னறிக்கை. ஒரு வங்கி இனி தாள் அனுப்பமாட்டேன் என்று முடிவு செய்தால், ஒரே மாதத்தில் லட்சக்கணக்கான உறைகள் காணாமல் போகும். அரசாங்கக் கடிதங்களும் மெல்ல சிங்பாஸ் என்ற அரசாங்க அடையாளச் செயலியின் பெட்டிக்குள் போகின்றன.

அம்மாவுக்கும் அது நடந்தது. ஒரு வங்கி, பெயர் வேண்டாம், அவரைத் தாளிலிருந்து மின்னறிக்கைக்கு மாற்றிவிட்டது. முன்னறிவிப்பு அனுப்பினார்களாம், அதையும் மின்னஞ்சலில். அம்மாவுக்கு மின்னஞ்சல் முகவரி இருப்பது அம்மாவுக்கே தெரியாது, நான் எப்போதோ தொடங்கிக் கொடுத்தது. ஆறு மாதம் கழித்து, "பேங்குக்காரன் என்னை மறந்துட்டான்போல" என்று சொன்னபோதுதான் விஷயம் தெரிந்தது. மறுபடி தாள் வேண்டுமென்று கேட்டால் அதற்குத் தனிக் கட்டணம் என்றார்கள்.

முன்னே கவனித்து வைத்துக்கொள்ளச் சொன்ன விஷயம் இங்கேதான் வருகிறது. ஸ்டாம்புக்குக் காசு கட்டுவது வங்கி. கடிதத்துக்காகக் காத்திருப்பது அம்மா. தபால் நிறுவனத்தின் வாடிக்கையாளர் யார்? கணக்குப்படி வங்கிதான். விலை ஏறினால் வங்கி மின்னறிக்கைக்குத் தாவிவிடும். சேவை குறைந்தால் கஷ்டப்படுவது அம்மா, ஆனால் அவர் கையில் விட்டுவிட்டுப் போக எதுவும் இல்லை, ஏனென்றால் அவர் எதையும் வாங்கவே இல்லை. கடைக்காரனுடன் சண்டை போட முடியாத ஒரு வாடிக்கையாளர். தபால்சேவை குறைவதைப் பற்றி வீடுகளில் இவ்வளவு முணுமுணுப்பு இருந்தும் அது எங்கேயும் போய்ச் சேராததற்கு இதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

இதில் ஒரு சுழலும் இருக்கிறது. கடிதம் குறைய, விலை ஏறும். விலை ஏற, இன்னும் சில நிறுவனங்கள் தாளை விடும். கடிதம் இன்னும் குறையும். மறுபடி விலை. கிணற்றில் தண்ணீர் இறங்க இறங்கக் கயிற்றை நீட்டிக்கொண்டே போவதுபோல.

அப்படியானால் நட்டமான தொழிலை மூடிவிடலாமே என்று தோன்றும். காப்பிக்கடையாக இருந்தால் மூடிவிடலாம், தபாலில் முடியாது. நம் ஊர்த் தபால் நிறுவனமான சிங்போஸ்ட் 1992இல் நிறுவனமாக்கப்பட்டு, 2003இல் பங்குச்சந்தைக்கு வந்த தனியார் நிறுவனம்தான். ஆனால் பொது அஞ்சல் உரிமம் அதனிடம் இருக்கிறது. அந்த உரிமத்தோடு ஒரு கடமையும் வருகிறது. தீவின் எந்த முகவரிக்கும், ஒரே விலையில், கடிதத்தைக் கொண்டு சேர்க்கவேண்டும். தஞ்சோங் பகாரில் ஐம்பது மாடிக் கட்டடத்துக்குப் போகும் கடிதத்துக்கும் லிம் சூ காங்கில் ஒற்றைப் பண்ணைக்குப் போகும் கடிதத்துக்கும் ஒரே ஸ்டாம்பு. பண்ணைக்குப் போகும் நடையின் செலவை ஐம்பது மாடிக் கட்டடம் ஏற்கிறது. அனைவருக்குமான சேவைக் கடமை என்று இதற்குப் பெயர். உலகத்தில் பெரும்பாலான நாடுகளில் தபால் இந்தக் கடமையின் மேல்தான் நிற்கிறது.

கடமை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பது தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் வேலை. கட்டணத்தை உயர்த்தவும் அதன் ஒப்புதல் வேண்டும். உள்ளூர்க் கடிதத்தில் ஏறத்தாழ எல்லாமே மறு வேலைநாளில் போய்ச் சேரவேண்டும் என்று கறாரான அளவுகோல் வைத்திருந்த காலம் உண்டு. 2017இல் அந்த அளவுகோலைத் தவறவிட்டதற்கு சிங்போஸ்ட்டுக்கு 100,000 வெள்ளி அபராதம், 2018இல் தவறவிட்டதற்கு 300,000 வெள்ளி. இணையக் கடைகளின் சின்னப் பொட்டலங்கள் தபால்காரரின் பையில் குவிய ஆரம்பித்த காலம் அது. உறைகளை மட்டும் எண்ணி வகுத்த சுற்றுக்குள் பொட்டலங்களும் ஏறிக்கொண்டன. அப்புறம் கூடுதல் தபால்காரர்களைச் சேர்க்கவும் அவர்கள் சம்பளத்தை உயர்த்தவும் நிறுவனம் முன்வந்தது. அதுவும் நடையின் செலவில்தான் போய்ச் சேரும்.

'சரி, பொட்டலம்தான் பெருகுகிறதே, அதில் வரும் லாபத்தைக் கடிதத்துக்குத் திருப்பலாமே' என்று கேட்கலாம். பல ஆண்டுகள் அப்படித்தான் ஓடியது. வெளிநாட்டிலிருந்து வந்து இங்கே கைமாறிப் போன சரக்கஞ்சல் நல்ல வருமானம் தந்தது. கொரோனா காலத்தில் சாங்கியில் விமானங்கள் நின்றபோது அந்த ஓட்டை பெரிதாகத் தெரிந்தது. பயணிகள் விமானத்தின் வயிற்றில்தான் தபால்மூட்டைகள் போகும், விமானமே இல்லையென்றால் எதில் ஏற்றுவது? கட்டணம் கொடுத்துப் பிடித்த சரக்கு விமானங்களில் செலவு எகிறியது. 2022/23 நிதியாண்டில் கடித, பொட்டலப் பிரிவு ஏறத்தாழ 16 மில்லியன் வெள்ளி நட்டம் காட்டியது. உள்ளூர்ப் பொட்டலத்திலோ ஏகப்பட்ட போட்டி. கடிதம் என்பது யாரும் கேட்காத வேலை. 2007இலேயே மற்ற நிறுவனங்களுக்கும் கதவைத் திறந்துவிட்டார்கள், கூட்டம் முண்டியடிக்கவில்லை. பொட்டலம் அப்படியல்ல, ஒரே நாளில் மூன்று நிறுவனத்து வேன்கள் எங்கள் புளோக்கில் நிற்கின்றன. அங்கே விலையை ஏற்ற முடியாது. பொட்டலத்தை வைத்துவிட்டுப் போக 2021 முதல் தீவெங்கும் வந்த 'பிக்' பெட்டகங்களோ எல்லா விநியோக நிறுவனங்களுக்கும் பொது.

அஞ்சலகங்கள் குறைவதற்கு வேறொரு காரணமும் உண்டு. என் தாத்தா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். அவருக்கு அஞ்சலகம் என்றால் கடிதம் மட்டும் அல்ல. ஊருக்கு மணியார்டர், சேமிப்புப் புத்தகம், உரிமக் கட்டணம் எல்லாமே அங்கேதான். அஞ்சல் சேமிப்பு வங்கி 1877இல் தொடங்கியது. இன்று நாம் போஸ்பி என்று சொல்வது அதைத்தான். 1972இல் அது தனிக் கழகமாகி, 1998இல் டிபிஎஸ் வங்கியிடம் போனது. மணியார்டரின் இடத்தைப் பணம் அனுப்பும் கடைகள் பிடித்தன, பிறகு கைப்பேசி பிடித்தது. பில் கட்டுவதும் போனது. ஆள் வராத முகப்புக்கு வாடகை மட்டும் மாதாமாதம் வரும். படகுத்துறைக்குப் பக்கத்தில், 1928இல் திறந்த ஃபுல்லர்ட்டன் கட்டடத்தில்தான் தலைமை அஞ்சலகம் இருந்தது. இன்று அது ஆடம்பர ஹோட்டல். தாத்தா மணியார்டர் அனுப்ப வரிசையில் நின்ற இடத்தில் இப்போது அறைவாடகை விசாரிக்கவே யோசிக்கவேண்டும்.

இந்தக் கணக்கு நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. நாமாவது நெருக்கமான அடுக்குமாடிகளில் வாழ்கிறோம், ஒரு பூட்டைத் திறந்தால் நூறு வீடு. 1995இல் வந்த ஆறு இலக்க அஞ்சல் குறியீடு ஏறக்குறைய ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனி எண் கொடுத்துவிட்டது, இயந்திரங்கள் அதைப் படித்தே பிரித்துவிடுகின்றன. வீடுகள் சிதறிக் கிடக்கும் நாடுகளில் பாடு இன்னும் அதிகம். பிரிட்டனில் இரண்டாம் வகுப்புக் கடிதங்களை ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்க 2025இல் அனுமதித்துவிட்டார்கள். மேலே நான் போட்ட புளோக் கணக்கேதான் அது. டென்மார்க் ஒரேயடியாகப் போய்விட்டது. 2000இலிருந்து அங்கே கடிதங்கள் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குறைய, அரசுக்குச் சொந்தமான அஞ்சல் நிறுவனம் 2025 இறுதியோடு கடிதம் கொடுப்பதையே நிறுத்தியது, சிவப்புத் தபால்பெட்டிகளைப் பிடுங்கிவிட்டார்கள். இந்தியாவில் 2025இல் பதிவு அஞ்சல் விரைவு அஞ்சலோடு கரைக்கப்பட்டது. 'ரிஜிஸ்டர் தபால்' என்ற சொல்லையே ஊரில் ஒரு பயத்தோடு சொல்வார்கள், கோர்ட்டு நோட்டீசாக இருக்குமோ என்று. அந்தப் பயத்துக்கு இனி வேறு பெயர் தேடவேண்டும்.

ஊருக்கு அனுப்பும் கடிதத்தில் இன்னொரு கணக்கும் ஒளிந்திருக்கிறது. சிங்கப்பூரில் ஒட்டிய ஸ்டாம்பின் காசு சிங்கப்பூரில்தான் இருக்கும். ஆனால் தஞ்சாவூரில் அத்தை வீட்டு வாசல்வரை நடப்பது இந்தியத் தபால்காரர். அவருடைய நடைக்கு இங்கிருந்து அங்கே ஒரு தொகை போகவேண்டும். இந்த முனையக் கட்டணத்தை உலக அஞ்சல் ஒன்றியத்தில் நாடுகள் கூடிப் பேசி முடிவு செய்கின்றன. 2018இல் இந்தக் கட்டணம் தனக்குப் பாதகமாக இருக்கிறது என்று அமெரிக்கா ஒன்றியத்தை விட்டே விலகப்போவதாக மிரட்டி, மறு ஆண்டு திருத்தம் வாங்கிக்கொண்டது. நம் அத்தையின் வாழ்த்து அட்டைக்குப் பின்னால் இவ்வளவு அரசியல்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அம்மா, "அதெல்லாம் இருக்கட்டும், இப்ப இந்தக் கார்டை என்ன பண்றது?" என்றார். ஆகவே கொஞ்சம் நடைமுறையும் சொல்லிவிடுகிறேன்.

கட்டணம் எடைக்கு மட்டும் அல்ல. உறையின் நீள அகலமும் பருமனும் கணக்கு. நடுவில் ஒரு மணி துருத்தினாலும் அட்டை வேறு வகைக்குப் போய்விடும், ஏனென்றால் இயந்திரத்தின் சந்தில் அது நழுவாது, ஒரு மனிதர் கையில் எடுத்துப் பிரிக்கவேண்டும். மறுபடியும் நடையும் கையும்தான் காசு. நூறு அட்டை அடிப்பதற்கு முன் ஒரே ஒரு மாதிரியை எடுத்துக்கொண்டு அஞ்சலக முகப்புக்குப் போய் விலை கேட்டுக்கொள்ளுங்கள். இணையத்தளத்திலும் பார்க்கலாம். நான் மேலே சொன்ன காசுகளை நம்பி ஒட்டிவிடாதீர்கள், இவை நிற்கும் எண்கள் அல்ல. கட்டணம் குறைவாக ஒட்டினால் திரும்பி வரலாம், அல்லது பெறுகிறவரிடம் மீதியை வசூலிக்கலாம். வெளிநாட்டுக் கடிதமென்றால் உறைமேல் 'டி' என்ற ஆங்கில எழுத்தைக் குத்துவது மரபு, வரி என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் முதல் எழுத்து. கல்யாணத்துக்கு அழைத்துவிட்டு அழைப்புக்குக் காசும் வாங்குவது நன்றாகவா இருக்கும்? ரோலண்ட் ஹில்லுக்கு முந்தைய காலத்துக்கே போய்விடுவோம்.

இன்னொன்று, விலை போடாத உள்ளூர் ஸ்டாம்பு. அதில் எத்தனை காசு என்று இருக்காது, உள்ளூர் முதல் எடைப்படிக்கு என்று மட்டும் இருக்கும். 26 காசுக்கு வாங்கியிருந்தாலும் 30 காசுக்கு வாங்கியிருந்தாலும், இன்றைய விலை எதுவானாலும் ஒரு சாதாரண உள்ளூர்க் கடிதத்துக்கு அது செல்லும். தங்கத்தைப்போல என்று சொன்னால் அம்மா சிரிப்பார், ஆனால் தத்துவம் அதுதான். இன்றைய விலையில் நாளைய நடையை வாங்கி வைத்துக்கொள்கிறோம். 2023இல் விலை ஏற்றியபோது சிங்போஸ்ட் ஒவ்வொரு வீட்டுக்கும் இதில் பத்து ஸ்டாம்பு கொண்ட சின்னப் புத்தகம் ஒன்றை இலவசமாகக் கொடுத்தது. பல வீடுகளில் அது விளம்பரத் தாளோடு குப்பைக்குப் போயிருக்கும். இழுப்பறையில் தேடிப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் அது பூசையறை நாட்காட்டிக்குப் பின்னால் செருகியிருந்தது. பத்தும் அப்படியே இருந்தன. முதல் சுற்றில் ஏன் அதை எடுக்கவில்லை என்று கேட்டேன். "ஓசியில வந்ததை ஒட்டி யாராவது கல்யாணத்துக்குக் கூப்பிடுவாங்களா?" என்றார் அம்மா. பிறகு ஒரு கத்தியை எடுத்துவந்து, ஒவ்வொரு அட்டையிலிருந்தும் மணியையும் தகட்டுப் பிள்ளையாரையும் பக்குவமாகப் பெயர்க்க ஆரம்பித்தார். பிள்ளையார்களை ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு வைத்தோம். கல்யாணத்தன்று மண்டப வாசலில் சந்தனம் கொடுத்த அத்தை, வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பிள்ளையாரைக் கையில் கொடுத்தார்.